கிழக்கே பார்த்து நின்ற ஹெலிகாப்டர்

போன ஞாயிற்றுக்கிழமை ஹெலிகாப்டரில் ஏறினேன்.

ஏறினேன் என்றுதான் சொன்னேன். பறந்தேன் என்று இன்னும் சொல்லவில்லை... அதற்கு அப்புறம் வருகிறேன்.

எனக்கு ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவே பயம். ஸ்ரீரங்கத்திலிருந்து மலைக்கோட்டைக்குப் புடவை எடுக்கப் போவதென்றாலும் பஸ்தான். அப்பேர்ப்பட்டவளை ஹெலிகாப்டர் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனது இரண்டு பேர்.

ஒருத்தி ஸ்ரீநிதி. எங்கள் எதிர் வீட்டுப் பெண். ஹெலிகாப்டர் பைலட். இன்னொருவர் நல்லுசாமி. தொட்டியம் பக்கம் வாழைத் தோப்பு வைத்திருக்கிறார். அந்த ஊர்ப் பெருமாள் கோயில் திருப்பணிக் கமிட்டித் தலைவர். வாராவாரம் இந்தப் பத்தியைப் படித்துவிட்டு, "இந்த வாரம் கொஞ்சம் சுமாருங்கம்மா" என்று போன் போட்டுச் சொல்கிற நல்ல மனிதர்.

அவர் ஊர்க் கோயிலுக்குக் கும்பாபிஷேகம். (எங்கள் ஸ்ரீரங்கத்தில் சம்ப்ரோக்ஷணம் என்போம்.) கோபுரக் கலசத்தில் தீர்த்தம் விழுகிற அதே நேரத்தில் வானத்திலிருந்து பூ விழ வேண்டும். இப்போதெல்லாம் இது ஒரு வழக்கமாகிவிட்டது, கவனித்தீர்களா? பக்கத்து ஊரில் ஹெலிகாப்டர் வந்து பூ தூவிவிட்டுப் போயிருக்கிறது. இந்த ஊர் சும்மா இருக்குமா?

ஸ்ரீநிதி இதுவரைக்கும் சீனியர் பைலட்டுகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பறந்தவள். அவளை மட்டும் நம்பி கம்பெனி அனுப்புகிற முதல் வேலை இதுதான். சொதப்பினால் மறுபடியும் பக்கத்து சீட். அது எத்தனை வருஷத்துக்கோ, யாருக்குத் தெரியும்?

முதல் நாள் சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

"மாமி, நாளைக்கு நீங்களும் வாங்கோ. பின் சீட்ல உட்கார்ந்து பூ போடுங்கோ. தெரிஞ்ச முகம் ஒண்ணு இருந்தா எனக்குத் தைரியமா இருக்கும்."

"ஏண்டி, ஓட்டறவளுக்கே தைரியம் வேணும்னா உட்கார்றவ கதி என்னடி?"

சிரித்தாள். ஆனால் கையிலிருந்த காபியை ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. அந்த ஆறிப்போன காபிக்காகத்தான் சரி என்றேன்.

அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு, சுலோகம் ஒப்பிக்கிற மாதிரி என்ஜினை ஸ்டார்ட் பண்ணும் முறையை ஒப்பித்தாள். நானும் கேட்டேன், வேறு வழி? சாவியைத் திருகினால் கிளம்பிவிடும் என்றல்லவா நினைத்திருந்தேன்! இல்லையாம். அந்த என்ஜினுக்கு முதலில் காற்று, அப்புறம்தான் எண்ணெய். ஸ்டார்ட்டர் பட்டனை அழுத்தினால் உள்ளே விசிறி மாதிரி ஒன்று சுற்றும். அது போதுமான வேகம் பிடிக்கிற வரைக்கும் பொறுக்க வேண்டும். அவசரப்பட்டு முன்னாடியே எண்ணெயைத் திறந்தால் நெருப்பு அதிகம், காற்று கம்மி... உள்ளே இருப்பதெல்லாம் வெந்துவிடும். வேகம் வந்த பிறகு எண்ணெயைத் திறக்கிற த்ராட்டிலைத் திருகினால் தீ பற்றும். அந்த நிமிஷத்திலிருந்து கண் வெப்ப மீட்டரை விட்டு நகரக் கூடாது. முள் விறுவிறுவென்று ஏறும். ஏறி, ஒரு இடத்தில் தயங்கி, இறங்கணும்.

"இறங்கலைன்னா?"

"எண்ணெயை உடனே மூடணும் மாமி. ஆனா ஸ்டார்ட்டரை விட்டுடக் கூடாது. பயத்துல ரெண்டையும் சேர்த்து விட்டுட்டா உள்ளே இருக்கற சூடு வெளியே போகாது, அதுவே எல்லாத்தையும் தீச்சுடும். சூடு இறங்கற வரைக்கும் காத்து ஓடிண்டே இருக்கணும்."

தலையை ஆட்டி வைத்தேன். மனசு பூரா தோசைக்கு அரைக்க வேண்டிய மாவில் இருந்தது.

மறுநாள் நான் காரில் போய்ச் சேர்ந்தேன். அவள் விடிகாலையிலேயே திருச்சி ஏர்போர்ட்டிலிருந்து ஹெலிகாப்டரைக் கொண்டுவந்து இறக்கியிருந்தாள். கோயிலுக்குக் கிழக்கே ஒரு மைதானம். வண்டி எந்தத் திசையைப் பார்த்து நின்றது என்கிறீர்கள்? கிழக்கு! நல்லுசாமி போட்ட கண்டிஷன். "பூஜை போடுற வண்டிங்க. மேக்க பார்த்தா நிறுத்துவாங்க?"

பூஜை என்றால் சாதாரணப் பூஜையா? கண்ணாடியில் சந்தனம், குங்குமம். மூக்கில் ஆள் உயர மாலை. நீளமான இரண்டு இரும்புக் காலுக்கும் அடியில் எலுமிச்சம்பழம். கார் என்றால் நகர்ந்து நசுக்கும். இது நேராக மேலே போகிற வண்டி... பழம் எப்படி நசுங்கும்? இதை வைத்து ஒரு பெரிய விவாதமே நடந்தது. கடைசியில் ஒருவர் தன் காலாலேயே மிதித்து நசுக்கி, பிரச்சினையைத் தீர்த்துவைத்தார்.

அப்புறம் மைக் பிடித்தவர்கள் விடுவார்களா? பேசினார்கள், பேசினார்கள்... அதற்குள் காற்று கிளம்பிவிட்டது. ஆனி மாதக் காற்று, மேற்கேயிருந்து. தோப்பில் வாழை இலையெல்லாம் கிழிந்து படபடவென்று அடித்துக்கொண்டது.

ஸ்ரீநிதி மாலையைக் கழற்றச் சொல்லிவிட்டு, நல்லுசாமியிடம் வந்தாள்.

"அய்யா, காத்து பின்பக்கத்திலேர்ந்து வருதுங்க. என்ஜின் புகை வெளியே போற வழியில காத்து எதிர்த்து அடிச்சா உள்ளே சூடு ஏறும். வண்டியைத் திருப்பிட்டு ஸ்டார்ட் பண்றேனே?"

"பூஜை போட்ட வண்டியைத் திருப்புறதா? என்னம்மா நீ! காலையிலயே சொன்னேன்ல? கிழக்க பார்த்தே கெளப்பு."

அவள் காற்றைப் பார்த்தாள். கம்பெனிப் புத்தகத்தில் சொல்லியிருக்கிற அளவுக்குள்தான் இருந்ததாம். கூட வந்த டெக்னீஷியனைப் பார்த்தாள். அவர் ஊரைப் பார்த்தார். ஊர் கோபுரத்தைப் பார்த்தது. "சரிங்க அய்யா" என்றாள். முதல் வேலையில், அத்தனை பேருக்கு நடுவில் அந்த "சரிங்க"வைச் சொல்லாமல் இருந்திருக்க உங்களால் முடியுமா? என்னால் முடியாது.

ஏறினோம். முன்னால் அவளும் நல்லுசாமியும். பின்னால் நான், இரண்டு கூடை சாமந்தி, ரோஜா. பூப் போட வசதியாக என் பக்கத்துக் கதவையே கழற்றி வைத்திருந்தார்கள்! பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு பெருமாளைக் கூப்பிட்டேன். நல்லுசாமியின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. கோயிலில் நிற்கும் மருமகன். "மாமா, கெளம்பிட்டீங்களா? குடத்தோட மேல ஏறிட்டாங்க!"

வெளியே டெக்னீஷியன் தீயணைப்பு சிலிண்டரோடு நின்று கட்டை விரலைக் காட்டினார். ஸ்ரீநிதி பட்டனை அழுத்தினாள். டிக் டிக் என்று ஒரு சத்தம், கூடவே ஊளையிடுகிற மாதிரி ஒன்று. பொறுத்தாள். பொறுத்தாள். த்ராட்டிலைத் திருகினாள். குப்பென்று பிடித்தது. தலைக்கு மேல் இறக்கை சோம்பலாக நகர ஆரம்பித்தது. நல்லுசாமி கையைக் கூப்பினார்.

அந்த நேரம் பார்த்தா பின்னாலிருந்து ஒரு காற்று வர வேண்டும்? வண்டியே ஒரு குலுக்குக் குலுங்கியது.

முன் சீட்டு இடுக்கு வழியாக எனக்கு மீட்டர் தெரிந்தது. முள் ஏறியது. தயங்குகிற இடத்தில் தயங்கவில்லை. சிவப்புக் கோட்டைப் பார்த்து ஓடியது.

இன்னும் கொஞ்சம் பிடித்துப் பார்த்தால் தானாகவே இறங்கிவிடாதா? கோபுரத்தில் குடம் தயார், ஊர் அண்ணாந்து நிற்கிறது, போன் அலறுகிறது... நானாக இருந்தால் பிடித்துப் பார்த்திருப்பேன். சத்தியமாக.

அவள் மூடிவிட்டாள்.

எண்ணெயை மட்டும். இன்னொரு கை பட்டனில் அப்படியே இருந்தது. தீ அணைந்த பிறகும் உள்ளே அந்த ஊளைச் சத்தம் ஓடிக்கொண்டே இருந்தது.

"என்னம்மா, ஏன் நிறுத்திட்ட?" நல்லுசாமி கத்தினார். "கொஞ்சம் முறுக்கிப் பிடிச்சிருந்தா கெளம்பியிருக்கும்ல? ஊரே பார்த்துக்கிட்டு நிக்குது, மானம் போகுது! ஆம்பள பைலட்டா அனுப்புங்கன்னு நான் அப்பவே தலைபாடா அடிச்சுக்கிட்டேன்... கேட்டாங்களா?"

எனக்கு எங்கிருந்து வந்ததோ அப்படி ஒரு கோபம். கிழக்கே பார்த்து நிறுத்தச் சொன்னது யாராம்? "இந்தாங்க..." என்று ஆரம்பித்தேன். ஸ்ரீநிதி திரும்பாமலேயே தலையை மட்டும் ஆட்டினாள். வேண்டாம் மாமி. அவள் கண் மீட்டரில் இருந்தது. அவர் கத்திக்கொண்டிருந்தார், முள் இறங்கிக்கொண்டிருந்தது. அது நன்றாக இறங்கிய பிறகுதான் பட்டனிலிருந்து கையை எடுத்தாள். இறக்கை நின்றதும் அவர் பக்கம் திரும்பினாள். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. குரல் மட்டும் கலங்கவில்லை.

"அய்யா, காலையிலேர்ந்து வெயில்ல நிக்கிறீங்க. முதல்ல தண்ணி குடிங்க. நல்லவேளை, முள்ளு சிவப்பைத் தொடலை. தொட்டிருந்தா இன்னைக்கு வண்டியைத் தொடவே முடியாது. என்ஜின் ஆறட்டும், டெக்னீஷியன் ஒரு தடவை பார்க்கட்டும். அதுக்குள்ள எனக்கு உங்க உதவி வேணும். உங்க ஊர்ல தேர் இழுக்கிறவங்கல்லாம் வந்திருக்காங்களா?"

நல்லுசாமி அவள் நீட்டிய தண்ணீர் பாட்டிலோடு முழித்தார். "தேரா? அது எதுக்கு?"

"வண்டியைத் திருப்பணும். சின்னச் சக்கரம் மாட்டித் தள்ளணும். தெரு முனையில திருப்புறதெல்லாம் அவங்களுக்குத்தான் கை வந்த வேலை."

"மேக்க பார்த்தா?"

"மேக்க பார்த்துங்க."

எங்களோடு நல்லுசாமியும் இறங்கி நின்றார். வண்டியைப் பார்த்தார். வண்டிக்குப் பின்னால் தெரிந்த கோபுரத்தைப் பார்த்தார். முகம் மெல்ல மாறியது.

"ஏம்மா... சாமி கிழக்க பார்த்து நிக்குது. அப்போ சாமியைச் சேவிக்கிறவன் மேக்கதானே பார்க்கணும்?" சட்டென்று கூட்டத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "டேய், எல்லாரும் வாங்கடா! வண்டி இவ்வளவு நேரமா பெருமாளுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிக்குதுடா!"

வந்தார்கள். சும்மாவா? ஒருவர் தேருக்குப் போடுகிற முட்டுக்கட்டையையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். "கோவிந்தா... கோவிந்தா..." என்று தள்ள, டெக்னீஷியன், "வாலைப் பிடிக்காதீங்க! சாமி, அந்தப் பக்கம் பிடிக்காதீங்க!" என்று தலையில் அடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி ஓடினார். அழகாகத் திரும்பியது வண்டி.

அப்போது மருமகனின் போன். நல்ல நேரம் முடியப் போகிறது, பட்டாச்சாரியார் இதற்கு மேல் காத்திருக்க முடியாது என்கிறார்.

நல்லுசாமி பூக் கூடைகளைப் பார்த்தார். "ஊத்தச் சொல்லுடா" என்றார். எத்தனை நாள் ஆசை! அந்த முகத்தைப் பார்த்ததும் என் கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை. பாவமாக இருந்தது. ஸ்ரீநிதி தலையைக் குனிந்துகொண்டாள்.

ஸ்பீக்கரில் "கோவிந்தா" என்று முழங்கியது. தூரத்தில் கலசத்தில் தீர்த்தம் பளபளத்து வழிந்தது. வானம் காலியாக இருந்தது.

காலியாகவா?

"கருடன்! கருடன்!" என்று யாரோ அலறினார்கள். செம்பழுப்பு இறக்கை, வெள்ளைக் கழுத்து. காற்றில் சாய்ந்து வந்தது. கோபுரத்தை ஒரு வட்டம் போட்டது. இன்னொரு வட்டம். ஊர் மொத்தமும் கையைத் தலைக்கு மேல் தூக்கிக் கதறியது. எனக்கும் புல்லரித்துவிட்டது. கும்பாபிஷேகத்தில் கருடன் சுற்றினால் பெருமாளே வந்த மாதிரி. அதற்கு முன் ஹெலிகாப்டரெல்லாம் எம்மாத்திரம்?

எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "அந்த வண்டி மேல கெடந்து கத்திக்கிட்டு இருந்தா கருடன் வந்திருக்குமா? அந்தப் பொண்ணு வழி விட்டுச்சு, வந்துச்சு."

நல்லுசாமி காதில் இது விழுந்தது. அவ்வளவுதான். அடுத்த நிமிஷத்திலிருந்து, எதிரே வந்த அத்தனை பேரிடமும் இதையே சொந்தமாகக் கண்டுபிடித்த மாதிரி சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

கருடன் போய், டெக்னீஷியன் சரி சொன்ன பிறகு மறுபடியும் ஏறினோம். இந்தத் தடவை மூக்குக்கு நேரே காற்று, காற்றுக்கு நேரே பெருமாள். பட்டன். பொறுத்தாள். த்ராட்டில். முள் ஏறியது... தயங்கியது... இறங்கியது. ஸ்ரீநிதி பெரிதாக ஒரு மூச்சு விட்டாள். நான் விட்டது அதைவிடப் பெரிது.

பறந்தேனா? கண்ணை இறுக்க மூடிக்கொண்டு பறந்ததைப் பறந்ததாகச் சொல்லலாம் என்றால், பறந்தேன். பூவில் பாதி கோபுரத்தில் விழுந்ததாம். மீதி வாழைத் தோப்புக்குப் போனதாம். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

கிளம்பும்போது நல்லுசாமி, பின் சீட்டையே அடைக்கிற அளவுக்கு ஒரு வாழைத் தாரை என் காரில் ஏற்றினார். ஸ்ரீநிதியிடம் போய்ச் சற்றுத் தயங்கி நின்றார்.

"புரட்டாசி உற்சவத்துக்கும் கம்பெனியில சொல்லி உன்னையே அனுப்பச் சொல்றேம்மா. மேக்க பார்த்தே நிறுத்திக்க."

அந்தப் பெண் அப்போதுதான் அழுதாள்.

ஊருக்குத் திரும்பும் வழியெல்லாம் எனக்கு அந்தப் பட்டன் மேலேயே நினைப்பு. சண்டை என்று வந்தால் நாம் என்ன செய்கிறோம்? ஒன்று, எண்ணெயை ஊற்றிக்கொண்டே இருக்கிறோம். இல்லையென்றால் எல்லாவற்றையும் ஒரேயடியாக மூடிக்கொண்டு, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுகிறோம். உள்ளேயே கிடந்து வேகிறது. அவள் அந்த மனிதருக்கு ஒரு சுடுசொல் திருப்பிக் கொடுக்கவில்லை... ஆனால் தண்ணீர் குடிங்க என்று சொல்வதையும் விடவில்லையே!

நேற்று என் வீட்டுக்காரருக்கும் எனக்கும் நல்ல சண்டை. வாழைத் தாரை எங்கே தொங்கவிடுவது என்பதில் ஆரம்பித்து, அவர் அக்கா வரைக்கும் போய்விட்டது. என் வாயில் சரியான பதில் ஒன்று தயாராக இருந்தது. மூடினேன். அடுத்த அறைக்குப் போகக் காலைத் தூக்கினேன். போகவில்லை.

"காபி வேணுமா?" என்றேன்.

சந்தேகமாகப் பார்த்தார். "...அரை டம்ளர் போதும்" என்றார்.