கதவுக்கு வெளியே நான்கு பேர்

வெளிநாட்டிலிருந்து ஆராய்ச்சிக்கு வந்த மாணவி ஒருத்திக்கு நான் சில மாதம் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். ஒப்பந்தத் தொழிலாளர்கள் உடம்பு சரியில்லாவிட்டால் எங்கே போகிறார்கள், ஏன் போகாமல் இருக்கிறார்கள் என்பதுதான் அவள் ஆராய்ச்சி. படப்பை வெயிலில் ஷேர் ஆட்டோ ஏறி இறங்குவதற்குள் அவள் முகம் தக்காளியாகிவிடும். ஒரு நாளும் குறை சொன்னதில்லை. ஒரே ஒரு விஷயத்தில்தான் என் உயிரை வாங்கினாள். பேட்டி கொடுப்பவர் தனியாக இருக்க வேண்டும், பக்கத்தில் ஈ காக்கை இருக்கக் கூடாது. அவள் கல்லூரி விதியாம்.

இருங்காட்டுக்கோட்டையில் ஐந்து பெண்கள் ஒரே அறையில் வாடகைக்கு இருந்தார்கள். அங்கே தனிமைக்கு எங்கே போவது? நான்கு பேரை மாடிப்படிக்கு அனுப்பிவிட்டு, தென்காசிப் பக்கத்துப் பெண்ணோடு உட்கார்ந்தோம். தனக்கு ஒரு நோயும் இல்லை, ஆஸ்பத்திரிப் பக்கமே போனதில்லை என்றாள் அவள். வெளியே போனவர்களோ மாற்றி மாற்றிக் கதவைத் திறந்து தலையை நீட்டினார்கள். ஒட்டுக்கேட்கிறார்கள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இன்னாத்துக்கு இப்டி எட்டி எட்டிப் பாத்துகினே கீறீங்க?" என்று கதவைச் சாத்தினேன்.

அடுத்த கேள்விக்குப் பதில் வரவில்லை. அந்தப் பெண்ணின் கண் மேலே செருகியது. பாயில் சாய்ந்து, கையும் காலும் இழுத்துக்கொண்டன. நான் வாய் திறப்பதற்குள் நால்வரும் உள்ளே வந்துவிட்டார்கள். ஒருத்தி துணியை மடித்துத் தலைக்குக் கீழே வைத்தாள். இன்னொருத்தி அவள் கையில் சாவிக்கொத்தைத் திணித்தாள். மாணவி அதை மெல்ல எடுத்துவிட்டு, அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயோரம் வழிந்ததைத் தன் துப்பட்டாவால் துடைத்தாள்.

வலிப்பு என்று தெரிந்தால் கம்பெனியில் நிறுத்திவிடுவார்கள் என்ற பயத்தில் அந்தப் பெண் மருந்தே சாப்பிடவில்லை. மருந்துக்குப் பதிலாக இந்த நால்வரும் ஷிஃப்டை மாற்றிக்கொண்டு, எப்போதும் ஒருத்தி அவளோடு கம்பெனி லைனில் நிற்கும்படி பார்த்துக்கொண்டார்கள். குளிக்கப் போனாலும் கதவுக்கு வெளியே ஒருத்தி நிற்பாளாம். கேட்டதும் எனக்கு அவர்களைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது.

தெளிந்ததும் அவள் மாணவியைப் பார்த்துக்கொண்டே என்னிடம் முதலில் கேட்டது, "அக்கா, அவிய இத கம்பெனில சொல்லிருவாவளா?"

மாணவி அவள் கையை விடாமல் பதில் சொன்னாள். நான் அதைத் தமிழில் சொன்னேன்: "யாருகிட்டயும் சொல்ல மாட்டாளாம். ஆனா டாக்டர்கிட்ட நீ சொல்லணுமாம். அவளும் கூட வர்றாளாம்."

ஞாயிற்றுக்கிழமை ஏழு பேரும் கல்யாண கோஷ்டி மாதிரி ஒரு டாக்டரிடம் போனோம். நோயாளி யார் என்று கண்டுபிடிக்க நர்ஸ் திண்டாடிப்போனார். தினமும் போட மாத்திரை கொடுத்தார்கள். அந்தப் பெண் ஒரு வேளைகூட விடவில்லை, நால்வரும் விட்டால்தானே. மாணவியும் ஊருக்குத் திரும்பிவிட்டாள்.

பல மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அந்தப் பெண் வல்லக்கோட்டை முருகன் கோயிலிலிருந்து போன் செய்தாள். மாத்திரை ஆரம்பித்த பிறகு வலிப்பு வரவே இல்லையாம். யாரோடு வந்தாய் என்று கேட்டேன்.

"ஒருத்தரும் இல்லக்கா. நான் மட்டும் பஸ் ஏறி வந்திருக்கேன். அவளுவதான் அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்க போன் போடுதாளுவ."

 மாணவியின் ஊரில் அப்போது விடிந்திருக்காது. பரவாயில்லை என்று போன் போட்டு எழுப்பிச் சொன்னேன். எந்த பஸ், நிறுத்தத்திலிருந்து எவ்வளவு தூரம் நடந்தாள், கோயிலில் கூட்டமா என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.