ரன்வே காணாம்

விமானம் ஓட்டப் படிப்பது வானத்தைப் பார்க்கத்தான் என்று நம்பி வருகிறவர்களுக்கு இந்தத் தொழில் செய்யும் முதல் மரியாதை, கண்ணை மறைப்பது. ஹூட் மாட்டிப் பறந்த சக பாவிகளே, உங்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: அது குதிரைக்குக் கட்டும் கண்பட்டை மாதிரி ஒரு பிளாஸ்டிக் மறைப்பு. மாட்டிக்கொண்டால் எதிரே உள்ள கருவிகளின் முட்கள் மட்டும் தெரியும், ஜன்னல் தெரியாது. நிஜமாகவே மேகத்தில் சிக்கினால், முட்களை நம்பி ஓடுபாதை வரை இறங்கி வரவேண்டுமே, அதற்கான ஒத்திகை.

எம்.எஸ்ஸி. இயற்பியல் முடித்துவிட்டு இதில் வந்து விழுந்தேன். தலைமைப் பயிற்சியாளர் சூசன் மேடம் "இவள் தயார்" என்று சொன்னால்தான் தேர்வுக்குப் போகலாம். சொல்லாவிட்டால் அடுத்த பேட்சோடு மறுபடி முதலிலிருந்து. என்னைப் பற்றி அவர் இதுவரை சொல்லியிருந்தது ஒன்றுதான்: "வாதம் குறையட்டும்."

அம்மாவின் சந்தேகம்

திருவனந்தபுரத்துக்குக் குடிவந்து எத்தனையோ வருஷமாகியும் எங்கள் வீட்டில் நாகர்கோவில் தமிழ்தான். ஹூட் பற்றி அம்மாவுக்கு அரைமணி நேரம் விளக்கினேன். உள்காதின் சமநிலை, புலன்களின் பொய் சாட்சி, எல்லாம் சொன்னேன். அம்மா நடுநடுவே மேஜையைத் தடவிக்கொண்டிருந்தாள். கடைசியில் சொன்னாள்: "என் கண்ணாடியக் காணாம், ஒரு எழுத்து தெரிய மாட்டேங்கு. நீ என்னன்னா வேணும்னே கண்ணக் கெட்டிக்கிட்டுப் போறியாட்டீ?"

வெளியே பார்க்க ஒருவர்

ஹூட் போட்டவள் பக்கத்தில் வெளியே பார்ப்பதற்கென்றே ஒருவர் உட்கார வேண்டும். எனக்கு வாய்த்தவர் சங்கரண்ணா, இளைய பயிற்சியாளர். கரமனை அக்ரஹாரத்துக்காரர், பேசுவது பாதி வீட்டுத் தமிழ், பாதி மலையாளம். அவர் வெளியே பார்க்கவே மாட்டார். என் முட்களையே பார்த்து "இடது, இடது" என்பார். இரண்டு பேரும் உள்ளே பார்த்தால் பருந்தை யார் பார்ப்பது என்று தரையில் வைத்துச் சண்டை போட்டேன்.

மறுநாள் நல்ல பிள்ளையாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். நான் பாதையை விட்டு நன்றாக விலகிய பிறகும் மூச்சு விடவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "விழிஞ்ஞம் துறைமுகத்துல கிரேன் எண்ணிண்டிருந்தேன். நீதானே வெளியில நோக்கச் சொன்னே?"

யாருக்கு முதல் வரிசை

ஒருநாள் ஓடுபாதைக்கு வழி காட்டும் முட்கள் இரண்டும் கோடு போட்ட மாதிரி நடுவில் நின்றன. வாழ்க்கையில் அப்படி அடிக்கடி நடக்காது. அப்போது பார்த்து வளைகுடாவிலிருந்து ஒரு பெரிய விமானம் வருகிறது, நீங்கள் விலகிக் கடல் பக்கம் போங்கள் என்றது டவர். அனுமதி கொடுத்த பிறகும் ஒத்திகையை எந்த நொடியிலும் நிறுத்தச் சொல்லலாம். எந்தப் பக்கம் திரும்புவது என்பதை முன்கூட்டியே நினைத்து வைத்திருக்க வேண்டும். எல்லாம் படித்ததுதான். திரும்பினேன். ஆனால் முதலில் அனுமதி கேட்டவள் நான், இது என்ன நியாயம் என்று கடலுக்கு மேல் ஒரு வட்டம் முழுக்கப் பொரிந்து தள்ளினேன். சங்கரண்ணா நிதானமாகச் சொன்னார்: "அதுல இருக்கறவா ஆத்துக்கு வரா. நீ எங்கே போறே?"

மேடம் பின்சீட்டில்

தேர்வுக்கு முன் கடைசி வாய்ப்பு. மேடம் பின்சீட்டில். நிபந்தனை ஒன்றுதான்: மேலே பறக்கும்போது வாதம் கூடாது. வாயைத் தைத்துக்கொண்டேன்.

ஒரு குறிப்பிட்ட உயரம் வரை இறங்கலாம். அங்கே ஓடுபாதை பக்கத்தில் இருப்பவர் கண்ணில் பட்டால் ஹூட்டைக் கழற்றி இறங்க வேண்டும். படாவிட்டால் கேள்வி கேட்காமல் மேலே ஏற வேண்டும். அந்த உயரம் வந்தது. சங்கரண்ணா உரக்கச் சொன்னார், "ரன்வே காணாம்!"

முழு வேகம் கொடுத்து மேலே ஏறினேன்.

"எந்தா இது! காணாம்னு சொன்னேனோல்லியோ!"

"காணாம்னு சொன்னதுனாலதான் ஏறுறேன்!"

"முன்னாடியே இருக்கே, நன்னாக் காணாமே!"

எங்கள் வீட்டில் காணாம் என்றால் காணவில்லை. அவர் வீட்டில், மலையாளத்தில் போலவே, நன்றாகத் தெரிகிறது. ஒரே சொல்லுக்குள் இறங்குவதும் ஏறுவதும். பின்சீட்டில் இருந்த மேடமோ மலையாளி. போச்சு, அடுத்த பேட்ச் என்று நினைத்தேன். வாதாட என்னிடம் மொழியியல் ஆதாரமே இருந்தது. இருந்தும் அதற்குமேல் தரை தொடும்வரை வாதாடவில்லை.

இறங்கியதும் மேடம் கேட்டார். "உனக்குக் கேட்டது என்ன?"

"தெரியலைன்னு, மேடம்."

"தெரியலைன்னா?"

"மேலே போகணும்."

"போனே. இவள் தயார்." பிறகு என் பக்கத்தில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்தார். "சங்கரா, பரீட்சை இவளுக்கு. தோத்தது நீயாக்கும்."

மேகத்துக்குள் வழி காட்ட விமானத்தில் இத்தனை முட்களை வைத்தவர்கள், பக்கத்து சீட்டுக்காரர் வீட்டில் என்ன தமிழ் என்று காட்ட மட்டும் ஒரு முள்ளை வைக்க மறந்துவிட்டார்கள்.