லேடீஸ் டப்பா

அன்று நடந்தவை, நடந்த வரிசையில்:

1. ஆண்கள் அரையிறுதி முடிந்தது. அடி வாங்கிய ஷட்டில்களைத் தரையிலிருந்து பொறுக்கி ஒரு காலி டப்பாவில் போட்டார்கள்.
2. அந்த டப்பாவின் மூடியில் மார்க்கரால் ஆங்கில ‘எல்’ எழுத்து போட்டிருந்தது. லேடீஸ் என்று அர்த்தம்.
3. மகளிர் இறுதி ஆட்டத்துக்கு நடுவர் அந்த டப்பாவைத் திறந்தார்.
4. முதல் ஷட்டிலில் இரண்டு இறகுகள் ஒடிந்திருந்தன. இரண்டாவதில் ஒன்று. மூன்றாவதின் தக்கை பிளந்திருந்தது.
5. புதியது வேண்டும் என்று கேட்டேன்.
6. “அட்ஜஸ்ட் பண்ணிக்கங்கம்மா” என்றார்.
7. நான் சர்வீஸ் போடவில்லை.

ஏழாவதற்குப் பிறகு நடந்ததை ஊரில் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். சொல்பவர்களில் பாதிப்பேர் அப்போது வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் ஆட்டம் தொடங்கினால் அதுதான் டீ நேரம்.

புதுக்கோட்டையில் இருக்கும் அந்த பேட்மிண்டன் உள்ளரங்கம் முன்பு நெல் குடோன். தகரக் கூரை, மூன்று கோர்ட், சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிகள். நான் திருவரங்குளத்திலிருந்து ஸ்கூட்டரில் போய் ஆடிக்கொண்டிருந்தேன். ஒரு தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பது என் வேலை. அழுத்தம் காட்டும் மீட்டர் பொய் சொல்கிறதா, உண்மை சொல்கிறதா என்று பார்த்துச் சீட்டு ஒட்டுவேன். பொய் சொல்லும் மீட்டரை யாரும் என்னிடம் கொண்டுவந்து “அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க மேடம்” என்று சொல்வதில்லை. பாய்லர் வெடிக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

அரங்கத்துக்கு வரும் ஆண்களை நான் வகை பிரித்து வைத்திருந்தேன். பழக்கதோஷம். முதல் வகை, கேட்காமலே சொல்லிக்கொடுப்பவர்கள். தொப்பைக்கு மேல் டீஷர்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, “மணிக்கட்டுல அடிம்மா, மணிக்கட்டுல” என்பார்கள். தங்கள் சர்வீஸ் நெட்டைத் தாண்டாததற்கு எந்தக் கட்டு காரணம் என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். இரண்டாம் வகை, கலப்பு இரட்டையரில் கூட ஆடுபவர்கள். என் தலைக்கு நேரே வரும் ஷட்டிலுக்கும் “விடு விடு விடு” என்று கத்திக்கொண்டு பின்னாலிருந்து பாய்வார்கள். அது நெட்டில் மாட்டியதும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். மூன்றாம் வகை, பாராட்டுபவர்கள். “பொம்பளப் புள்ளையா இருந்தாலும் நல்லா ஆடுதுப்பா.” என்னிடம் தோற்றவர்களுக்குத் தனி வகை தேவைப்படவில்லை. அவர்கள் எல்லோருக்கும் அன்றைக்கு முட்டி வலி.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம் பெருந்தன்மை அல்ல. சுற்றுவட்டாரத்தில் வேறு கோர்ட் கிடையாது.

அந்த அரங்கம் வருடத்துக்கொரு முறை போட்டி நடத்தும். ஜெயிப்பவர்களைத் திருச்சியில் நடக்கும் மண்டலப் போட்டிக்கு அனுப்புவார்கள். ஆண்களுக்கு நான்கு இடம், பெண்களுக்கு ஒன்று. அந்த ஒன்றுக்காகத்தான் அன்றைய இறுதி ஆட்டம்.

எதிரில் நின்றவள் ஜெகதாப்பட்டினத்துப் பெண். பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தாள். அப்பா விசைப்படகில் போகிறவர். திருச்சியில் ஒரு கல்லூரி விளையாட்டு ஒதுக்கீட்டில் ஹாஸ்டலோடு இடம் தருவதாகச் சொல்லியிருந்தது; மண்டலப் போட்டியில் ஆடியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இதை அவள் சொல்லவில்லை, அவள் அம்மா சொன்னார். பஸ் மாறிப் பஸ் ஏறி மகளைக் கூட்டிக்கொண்டு வந்தவர், காலையிலிருந்து பக்கத்தில் உட்காரும் எல்லோரிடமும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கும் மண்டலப் போட்டிக்கான அந்த இடம் வேண்டும்தான். ஆனால் அது இல்லாவிட்டால் எனக்கு ஒன்றும் நின்றுபோகாது. அவளுக்கு நின்றுபோகும். கோர்ட்டில் இறங்கும்போது இது எனக்கு நன்றாகத் தெரியும்.

நான் சர்வீஸ் போடாமல் நின்றதும், நடுவராக உட்கார்ந்திருந்த பி.டி. மாஸ்டர் செயலாளரைக் கூப்பிட்டார். செயலாளர் டைல்ஸ் கடை வைத்திருப்பவர்.

“என்னம்மா பிரச்சன?”

“சார், புது ஷட்டில் வேணும்.”

“இதெல்லாம் இப்பத்தான் ஆவி காட்டி எறகை நிமித்தி வச்சதும்மா. புதுசு மாதிரித்தான் இருக்கும்.”

“ஆவி காட்டுனா ஒடிஞ்ச எறகு ஒட்டுமா சார்?”

“இட்லி வேணா வேகும்” என்று நாற்காலிகளிலிருந்து ஒரு குரல் வந்தது. நாலைந்து பேர் சிரித்தார்கள். செயலாளர் சிரிக்கவில்லை. குரலைத் தணித்து, குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னார்:

“ஆம்பளைக ஸ்மாஷ் அடிச்சா எறகு தாங்காதும்மா, அதுக்குத்தான் புதுசு. நீங்க ரெண்டு பேரும் மெதுவாத்தானே அடிப்பீங்க. இது தாங்கும்.”

மேஜையில் இன்னும் சீல் பிரிக்காத ஒரு டப்பா இருந்தது. அதைக் காட்டினேன்.

“அது யாருக்குங்க சார்?”

“அது ஃபைனலுக்கும்மா.”

“அப்ப இது என்னங்க சார்?”

அவர் என்னைப் பார்த்தார். மழுப்புவதற்காக யோசிக்கும் முகமாக இருந்திருந்தால் நான் கொஞ்சம் மதித்திருப்பேன். அவருக்குக் கேள்வியே புரியவில்லை. பெண்கள் ஆடும் இறுதி ஆட்டமும் இறுதி ஆட்டம்தான் என்பது அவர் மூளையில் எந்தப் பக்கமும் ஒட்டியிருக்கவில்லை. கெட்ட எண்ணம் உள்ளவர்களோடு சண்டை போடலாம். எண்ணமே இல்லாதவர்களோடு என்ன செய்வது?

ஒரு ஷட்டிலில் பதினாறு இறகுகள். ஒன்று ஒடிந்தாலும் அது தள்ளாடிக்கொண்டு ஒரு பக்கமாக இழுக்கும். கோட்டுக்கு உள்ளே அடித்தது வெளியே விழும், வெளியே போக வேண்டியது உள்ளே விழும். பிறகு யார் நன்றாக ஆடினார்கள் என்று எதை வைத்துச் சொல்வது? அந்த ஷட்டிலால் ஆடித்தான் ஒரு பெண்ணின் கல்லூரி முடிவாக வேண்டுமா? இதைச் செயலாளருக்கு விளக்கலாம் என்று நினைத்தேன். டைல்ஸ் ஒன்று மூலை உடைந்து வந்தால் அவர் லாரியைத் திருப்பி அனுப்புகிறவர். அவருக்கு விளக்கம் தேவையில்லை என்று விட்டுவிட்டேன்.

மாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார். “ரெண்டு நிமிஷம் தாரேன். சர்வீஸ் போடலைன்னா அந்தப் புள்ளைக்கு வாக்கோவர் எழுதிருவேன்.”

இதைக் கேட்டதும் ஜெகதாப்பட்டினத்து அம்மா எழுந்து நேராக என்னிடம் வந்தார். திட்டத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

“தாயி, நீ சர்வீஸ் போடலைன்னா எம்மக ஜெயிச்ச மாதிரியாமே?”

“ஆமாங்கம்மா.”

“அப்பப் போட்டுறாத தாயி. இப்புடியே நில்லு. நீ கேக்குறதும் நாயந்தான்.”

அன்று முழுவதும் எனக்குக் கிடைத்த ஒரே வெளிப்படையான ஆதரவு அது.

“ம்மா! அங்கிட்டுப் போயி உக்காரு!” என்று மகள் கத்தினாள். முகம் காதுவரை சிவந்திருந்தது. நெட்டுக்குப் பக்கத்தில் வந்து என்னிடம் சொன்னாள், கோபமாகவே:

“அக்கா, நீங்க பாட்டுக்கு நின்னுட்டுப் போயிருவீங்க. நாளைக்கு என்னயத்தான் வாக்கோவர்ல வந்தவன்னு பேசுவாங்க.”

“நான் எங்கயும் போகலையே. புதுசு குடுத்தா ஆடுறேன்.”

என் கையிலிருந்த ஷட்டிலை வாங்கினாள். உயரத் தூக்கி ஒரு அடி அடித்தாள். அது பாதி தூரம் நேராகப் போய், பிறகு குடித்தவன்போல் ஒருக்களித்து அடுத்த கோர்ட்டில் விழுந்தது. மாஸ்டரிடம் திரும்பினாள்.

“சார், கோணலாத்தான் சார் போகுது. காலைல செமி ஃபைனல்லயும் இப்புடித்தான் போச்சு.”

“அப்ப நீ ஏன் சொல்லல?”

“அப்ப நான் ஜெயிச்சுக்கிட்டு இருந்தேன் சார்.”

பேச்சு சுதந்திரம் பற்றி இதைவிட நேர்மையாக யாரும் பேசி நான் கேட்டதில்லை. அவள் ராக்கெட்டை நெட்டின் மேல் சாய்த்து வைத்தாள். “எனக்கு வாக்கோவர் வேணாம் சார். ரெண்டு பேருமே ஆடலைன்னு எழுதிருங்க.”

அவள் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

புதிய டப்பா பிரிக்கப்பட்டது. நியாயம் புரிந்து பிரித்தார்கள் என்று யாராவது நினைத்தால் அது தவறு. சிறப்பு விருந்தினர் கிளம்பிவிட்டதாகச் செயலாளருக்கு போன் வந்தது. மகளிர் கோப்பையை வழங்கும் போட்டோ பத்திரிகைக்குப் போக வேண்டும். போட்டோவுக்கு இரண்டு பெண்கள் தேவைப்பட்டார்கள். அதற்காகச் செயலாளரே தன் நகத்தால் சீலைக் கிழித்தார்.

ஆடினோம். முதல் கேம் எனக்கு, இரண்டாவது அவளுக்கு. மூன்றாவதில் என் கால்கள் தளர்ந்தன, அவளுடையவை தளரவில்லை. கடைசி அடியை என் பேக்ஹேண்ட் மூலையில், கோட்டின் மேலேயே இறக்கினாள். நல்ல ஷட்டில். நேராக வந்து விழுந்தது. சந்தேகம் சொல்ல எனக்கு இடமே இல்லை. தோற்றேன்.

கை கொடுத்துவிட்டு வெளியே வருவதற்குள் ஆரம்பித்துவிட்டார்கள்.

“இதுக்குத்தானா இம்புட்டு அலப்பறை? கடைசியில தோத்துட்டியேம்மா!”

“புது ஃபெதர் கேட்டு வாங்கித் தோத்த ஆளு நீதான் தங்கச்சி.”

இந்தச் சிரிப்பை நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். அவர்கள் கணக்குப்படி ஜெயித்தவளுக்கு மட்டும்தான் வாய் இருக்கலாம். அவள் ஜெயித்துவிட்டுப் பேசினால், “ஜெயிச்ச திமிரு” என்பார்கள். ஆக, ஒரு பெண் பேசுவதற்கு ஏற்ற நேரம் எதுவும் அவர்கள் கடிகாரத்தில் கிடையாது. அதே அரங்கத்தில் முதல் சுற்றில் தோற்ற ஆண்கள் வெளிச்சம் கண்ணில் அடித்தது, ஃபேன் காற்று இழுத்தது, நெட் உயரமாக இருந்தது என்று சாயங்காலம் வரை பேசுவார்கள். ஃபேனை நிறுத்திவிட்டு மறுபடி ஆடவிட்டதும் உண்டு. அது அலப்பறை இல்லை, ஆட்ட நுணுக்கம்.

மறுநாள் வாட்ஸ்அப் குழுவில், சில வீராங்கனைகள் ஆட்டத்தோடு ஒழுக்கத்தையும் கடைப்பிடிக்க வேண்டும் என்று செயலாளர் ஒரு செய்தி போட்டார். கீழே வரிசையாகக் கும்பிட்ட கைகள். நான் பதில் எழுதுவதற்குள் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். பிறகு தனிச் செய்திகள் வரத் தொடங்கின. “நீங்க சொன்னது கரெக்ட்தான் மேடம், ஆனா பொதுவுல சொல்லிருக்க வேணாம்.” “மனசுக்குள்ள நாங்க ஒங்க பக்கம்தான்.” மனசுக்குள் இருக்கும் ஆதரவை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை, அதை வைத்து ஒரு நெட்கூடக் கட்ட முடியாது. ஒருவர், கேட்டது சரி, கேட்ட விதம்தான் தப்பு என்று எழுதினார். நான் கேட்டது நாலு வார்த்தை: சார், புது ஷட்டில் வேணும். இதில் எந்த வார்த்தையை மாற்ற வேண்டும் என்று திருப்பிக் கேட்டேன். நீலக் குறி விழுந்தது.

அந்தப் பெண் திருச்சிக்குப் போனாள். முதல் சுற்றில் ஜெயித்து, இரண்டாவதில் தோற்றாள். கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது, ஹாஸ்டலில் இருக்கிறாள். எப்போதாவது ஆட்ட வீடியோ அனுப்புவாள். பேக்ஹேண்ட் இன்னும் சரியில்லை. அதை அவளிடம் சொல்லியிருக்கிறேன். அவளே கேட்டதால் சொன்னேன்.

அரங்கத்தில் என் உறுப்பினர் அட்டையைப் புதுப்பிக்கவில்லை. மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் பரிசீலிப்பார்களாம். நானும் வேறு மூன்று பெண்களும் ஆலங்குடிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில், முகூர்த்தம் இல்லாத நாட்களில் நெட் கட்டி ஆடுகிறோம். கூரை தாழ்வு. உயரத் தூக்கி அடிக்க முடியாது. என் ஆட்டம் கொஞ்சம் கெட்டுத்தான் போயிருக்கிறது. கடிதம் நான் கொடுக்கவில்லை. அவர்களும் என்னைச் சேர்க்கவில்லை.