கையாட்டும் சீமாட்டி, இன்னும் 40 கிலோமீட்டர்

கரடியக்காவுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. வங்கிப் புத்தகத்திலும் ஆஸ்பத்திரிச் சீட்டிலும் அதுதான் இருக்கிறது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லித் தெருவில் விசாரித்தால் எல்லோரும் உதட்டைப் பிதுக்குவார்கள். கரடியக்கா வீடு எது என்று கேட்டால் சலவைக்கடைக்காரர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு முக்குவரை கூடவே வந்து காட்டுவார். "கரடிக்கே கையாட்டக் கத்துக் குடுத்தவங்களாச்சே!" என்று ஒரு வார்த்தையும் சேர்த்துக்கொள்வார். அதைக் கேட்கும்போதெல்லாம் அக்கா சிரித்து வைப்பாள். பதினெட்டு வருஷமாக அப்படித்தான் சிரித்து வைக்கிறாள்.

போன மாதம் நூலகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்து காணாமல் போன வனவிலங்குப் பூங்காவைப் பற்றிப் படக் கண்காட்சி வைக்கப் போகிறார்களாம். பழைய நுழைவுச் சீட்டு, பொம்மை ரயிலின் விசில், விளம்பரப் பலகை ஒன்று என்று எதையெதையோ தேடிப் பிடித்திருந்தாள். "நீங்கதான் திறந்து வெச்சு நாலு வார்த்தை பேசணும்" என்றாள். அக்காவின் மகளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அம்மாவுக்கு என்ன புடவை என்பதுவரை அங்கேயே முடிவாகிவிட்டது.

"படத்துக்குக் கீழ வைக்கிற குறிப்பு சரியா இருக்கான்னு பாத்துடுங்க" என்று நூலகப் பெண் ஒரு தாளை நீட்டினாள். அக்கா கண்ணாடியைத் தேடி எடுத்துப் படித்தாள். 'சீமாட்டி. பூங்காவின் செல்லக் கரடி. இருபத்திரண்டு வயது வரை கையசைத்து மக்களை மகிழ்வித்தவள். மருத்துவரின் கவனக்குறைவால் மயக்க மருந்து அதிகமாகி இறந்தாள்.'

"சரியா இருக்குங்களா?"

அக்கா தாளைத் திருப்பிக் கொடுத்தாள். எழுத்துப் பிழை எதுவும் இல்லை என்று சொன்னாள். அன்று முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

விஷயம் இதுதான். அந்தப் பூங்காவின் முதலாளி ஒரு காலத்தில் லாரி ஓட்டியவர். பிறகு நெடுஞ்சாலையில் தேநீர்க்கடை போட்டார். கலைந்துபோன சர்க்கஸ் ஒன்றிலிருந்து பிடரி உதிர்ந்த சிங்கம் ஒன்றை வாங்கி வந்து கடைக்குப் பக்கத்தில் கூண்டில் நிறுத்தினார். முதலில் தேநீர் குடிக்க வந்தவர்கள் சிங்கத்தைப் பார்த்தார்கள். அப்புறம் சிங்கத்தைப் பார்க்க வந்தவர்கள் தேநீர் குடித்தார்கள். சில வருஷங்களில் மான்கள், முதலைக் குளம், குட்டி சைக்கிள் மிதிக்கும் கிளி, பொம்மை ரயில் எல்லாம் வந்து சேர்ந்தன. வாசலில் சிமென்ட்டில் ஒரு டைனோசரும் எழுந்து நின்றது. வனவிலங்குப் பூங்காவில் டைனோசருக்கு என்ன வேலை என்று ஒரு வாத்தியார் கேட்டதற்கு, "அதுவும் வனத்துலதானே சார் இருந்துச்சு" என்றார் முதலாளி. அந்த மனுஷனை வாயால் ஜெயித்தவர் கிடையாது.

அக்கா தீவன அறையில் கேரட் நறுக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். அவள் புருஷன் பொம்மை ரயில் ஓட்டினார். கிளிக்கூண்டுக்குப் பின்னால் இரண்டு அறை வீடு கொடுத்தார்கள். மகள் நடை பழகியது, எழுத்து பழகியது எல்லாம் அந்தக் கிளிச் சத்தத்துக்கு நடுவில்தான்.

கரடி நாலு வயதில் வந்தது. பீரோ மாதிரி உடம்பு, பச்சைப் பிள்ளை மாதிரி குணம். ஒருநாள் பிஸ்கட்டை உயர்த்திப் பிடித்துக்கொண்டு அக்கா நின்றபோது அதுவும் வலது கையைத் தூக்கியது. மறுநாள் வெறும் கையைத் தூக்கிப் பார்த்தாள். அப்போதும் தூக்கியது. அதன்பிறகு கூட்டத்துக்குப் பின்னால் ஒரு வாளியைக் கவிழ்த்து, அதன்மேல் ஏறி நின்று அக்கா கையைத் தூக்குவாள். கரடி கையாட்டும். தங்களுக்குத்தான் ஆட்டுகிறது என்று ஜனங்கள் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு பதிலுக்குக் கையாட்டுவார்கள்.

முதலாளி விடுவாரா? அதற்குச் சீமாட்டி என்று பெயர் வைத்து, சாலை நெடுகப் பலகை நட்டார். 'கையாட்டும் சீமாட்டி, இன்னும் 40 கிலோமீட்டர்.' பிறகு 20, பிறகு 5. பூங்கா வாசலைத் தாண்டியும் ஒரு பலகை உண்டு: 'ஐயையோ, தாண்டிட்டீங்களே! வண்டியைத் திருப்புங்க.' அதைப் பார்த்துத் திரும்பி வந்தவர்களும் நிறையப் பேர்.

ஒன்பதாம் வருஷம் ஒரு காலையில் சீமாட்டி எழுந்திருக்கவில்லை. முதலாளி கூண்டுப் படியில் உட்கார்ந்து நிஜமாகவே அழுதார். அதில் நடிப்பில்லை என்று அக்கா இன்றைக்கும் அடித்துச் சொல்வாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தவர் கேட்ட முதல் கேள்வி: "மொத்தம் எத்தனை பலகை நிக்குது?"

சீமாட்டிக்கு ஓய்வு என்று ஒரு அட்டையை மாட்டினார்கள். தார்ப்பாய் போட்ட லாரியில் இன்னொரு கரடி வந்து இறங்கியது. அக்கா அதற்கும் வாளிமேல் நின்று கற்றுக்கொடுத்தாள். கூண்டுப் பலகையில் பெயர் மாறவில்லை. தீவன அறை ஆணியில் ஒவ்வொரு மிருகத்துக்கும் ஒரு மஞ்சள் வைத்திய அட்டை தொங்கும், அதுவும் மாறவில்லை. புது அட்டை போட்டால் பழையது எங்கே என்று சோதனைக்கு வரும் அதிகாரிகள் கேட்பார்கள். அனுமதி, அபராதம் என்று இழுத்தடிப்பார்கள். அதனால் பழைய அட்டையிலேயே புதுக் கரடியின் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் ஏறின. அப்போது இருந்த வயசான டாக்டர் எல்லாம் தெரிந்தவர். கண்ணடித்துவிட்டு எழுதுவார்.

ஆறு வருஷத்தில் இரண்டாவதும் போனது. மூன்றாவது வந்தது. வந்தபோது அதற்கு மூன்று வயது, முதல் சீமாட்டியில் பாதி எடைகூட இல்லை. ஆனால் கெட்டிக்காரி. மற்ற இரண்டும் மாதக்கணக்கில் கற்றதை ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டது. பிஸ்கட் இல்லாவிட்டாலும் அக்காவின் தலை தெரிந்தால் போதும், கை தானாக மேலே போகும். அக்காவுக்கு அதன்மேல் உயிர்.

அதற்குத்தான் மூன்று வருஷம் கழித்துப் பல்வலி வந்தது. கன்னம் வீங்கி, மூன்று நாள் எதையும் தொடவில்லை. பழைய டாக்டர் அதற்குள் காலமாகியிருந்தார். பட்டணத்திலிருந்து புது டாக்டரம்மா வந்தார். முப்பது வயது இருக்கும். மஞ்சள் அட்டையை வரி விடாமல் படித்தார். அதில் பழைய டாக்டர் முதல் கரடியைப் பற்றி எழுதி வைத்திருந்தார்: 'மயக்க மருந்து வழக்கமான அளவு போதவில்லை. பாதியில் விழித்துக்கொண்டது. ஒன்றரை மடங்கு கொடுக்கவும்.'

டாக்டரம்மா அட்டையைப் பார்த்தார், கூண்டைப் பார்த்தார். மறுபடியும் அட்டையைப் பார்த்தார்.

"அக்கா, வயசு இருபத்திரண்டுன்னு போட்டிருக்கு. பாத்தா அப்படித் தெரியலையே. ரொம்பச் சின்னதா இருக்கு. இது அதே கரடிதானா?"

முதலாளி பக்கத்தில்தான் நின்றார். கூண்டின் கூரையைப் பார்த்தார். தூரத்தில் பொம்மை ரயில் விசிலடித்துக்கொண்டு வளைவில் திரும்பியது. ரயிலில் புருஷன், கிளிக்கூண்டுக்குப் பின்னால் வீடு, அங்கே பாடம் படிக்கும் மகள்.

"அதேதான் டாக்டரம்மா. வயசாச்சில்ல, வத்திப் போச்சு."

டாக்டரம்மா ஒரு நிமிஷம் அவள் முகத்தையே பார்த்தார். பிறகு ஊசியில் மருந்தை ஏற்றினார். "கம்பிக்கிட்ட வர வைக்க முடியுமா?" என்றார்.

அக்கா கையைத் தூக்கினாள். வீங்கின கன்னத்தோடு கரடி எழுந்து வந்து கம்பியோரம் நின்று, வழக்கம்போலத் தானும் கையைத் தூக்கியது. தூக்கிய கைக்குக் கீழே டாக்டரம்மா ஊசியைக் குத்தினார். பல்லைப் பிடுங்கி முடிக்கும் முன்பே மூச்சு நின்றுவிட்டது.

பத்திரிகைக்காரர்களிடம் முதலாளி ஒரே வரிதான் சொன்னார்: "டாக்டர் ஊசி போட்டாங்க, சீமாட்டி எந்திரிக்கல." மிச்சத்தை அவர்களே எழுதிக்கொண்டார்கள். டாக்டரம்மாவும் தன் அறிக்கையில், அளவைக் கணித்ததில் தவறு தன்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அப்புறம் அவரிடம் யாரும் நாய்க்குட்டியைக்கூடக் கொண்டுபோகவில்லை. கரடியைக் கொன்ன டாக்டர் என்றே பேராகிவிட்டது.

அக்கா வாயைத் திறக்கவில்லை. பூங்கா பிழைக்க வேண்டுமே! ஆனால் அடுத்த இரண்டாம் வருஷம் புதுப் புறவழிச்சாலை போட்டார்கள். வண்டியெல்லாம் அந்தப் பக்கம் போனது. பலகைகள் மட்டும் ஆளில்லாத சாலையைப் பார்த்துக் கூவிக்கொண்டு நின்றன. மான்களை, முதலைகளை லாரியில் ஏற்றி எங்கெங்கோ அனுப்பினார்கள். முதலாளி மனசொடிந்து போய்ச் சேர்ந்தார். டைனோசரை இடித்த இடத்தில் இப்போது ஒரு கிடங்கு நிற்கிறது. வீட்டைக் காலி செய்த அன்று அக்கா தீவன அறை ஆணியிலிருந்து அந்த மஞ்சள் அட்டையை எடுத்துக்கொண்டாள். தப்பு செய்தது இந்த அட்டைதான், நானில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்ள அது தேவைப்பட்டது. புருஷன் சாகும்வரை அவரிடம்கூட அதைக் காட்டவில்லை.

நூலகக்காரி வந்துபோன மறுவாரம் அக்கா விசாரித்துக்கொண்டு இரண்டு பேருந்து மாறிப் போனாள். டாக்டரம்மா ஒரு கோழித்தீவனக் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தார். தலை நரைத்திருந்தது. மேஜை நிறையத் தவிட்டு மாதிரிகள், சின்னச் சின்னப் பொட்டலங்களில். அக்காவைப் பார்த்ததும் அவருக்கு யாரென்று புரிந்துவிட்டது. உட்காரச் சொன்னார்.

அக்கா மஞ்சள் அட்டையை மேஜைமேல் வைத்தாள். எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து வைத்தது அத்தனையும் மறந்துபோய், "அது மூணாவது கரடி டாக்டரம்மா. ஆறே வயசு. இந்த அட்டை மொதக் கரடியோடது. இதை நம்பித்தான் நீங்க..." என்று தொடங்கி முடிக்க முடியாமல் நின்றாள்.

"தெரியும்" என்றார் டாக்டரம்மா. "பல்லைப் பாத்ததுமே தெரிஞ்சுது. ஆனா ஊசி போட்டு மயங்கினதுக்கு அப்புறம்தானே வாயைத் திறந்து பாக்க முடியும்?"

"அப்ப ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"ஊசி என் கையில இருந்துச்சு அக்கா. எடை பாக்காமப் போட்டது நான்தான். அதை இன்னொருத்தர் மேல தள்ளிவிட மனசு வரல. நீங்களா வந்து சொல்லுவீங்கன்னு கொஞ்ச நாள் பாத்தேன். அப்புறம் பாக்கறதை விட்டுட்டேன்."

அக்கா அட்டையை அவர் பக்கம் நகர்த்தினாள். "இதுல தப்பா எழுதியிருந்துச்சு..."

டாக்டரம்மா அதைத் தொடவில்லை. "இதுல எழுதின அளவு ஜாஸ்தின்னு எனக்கு அப்பவே பட்டுது. அட்டையை நம்பியிருந்தா உங்ககிட்ட எதுக்குக் கேக்கப் போறேன்? உங்களைத்தான் நம்பினேன். அதை வளத்தவங்க நீங்க. அதுக்குக் கெடுதல் வர்ற மாதிரி சொல்ல மாட்டீங்கன்னு நெனச்சேன்."

இத்தனை வருஷம் துணி அடுக்குக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்த குற்றவாளி வெறும் காகிதமாகிப்போனது. அவள் அழுதாள். டாக்டரம்மா தடுக்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. தண்ணீர் மட்டும் எடுத்து வைத்தார்.

வீட்டுக்கு வந்து மகளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மகள், "இப்பப் போய் எதுக்கும்மா இதையெல்லாம் கிளறணும்? முதலாளி போயிட்டாரு, அப்பா போயிட்டாங்க. நாளைக்கு என் பிள்ளைங்களை என்ன சொல்லுவாங்க?" என்றாள்.

"அந்தம்மா உயிரோட இருக்காங்கடி" என்றாள் அக்கா.

கண்காட்சி அன்று நூலகத்தில் நாற்காலி போதவில்லை. சுவரில் சீமாட்டியின் பெரிய படம் கையைத் தூக்கிக்கொண்டு நின்றது. கீழே அந்தக் குறிப்பு. அக்காவை மைக் முன்னால் நிறுத்திக் கைதட்டினார்கள்.

"சீமாட்டியைப் பத்திப் பேசச் சொன்னாங்க" என்றாள் அக்கா. "எந்தச் சீமாட்டியைப் பத்தின்னு சொல்லல. மூணு பேரு இருந்தாங்க."

சபை சிரித்தது. முன் வரிசையில் சலவைக்கடைக்காரர், "அக்கா நல்லா கரடி விடுறாங்க!" என்றார். அக்கா அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. ஒவ்வொன்றும் எந்த வருஷம் வந்தது, எந்த வருஷம் செத்தது என்று வரிசையாகச் சொன்னாள். சிரிப்பு அடங்கியது. பிறகு மஞ்சள் அட்டையை உயர்த்திப் பிடித்தாள். "டாக்டரம்மா மேல தப்பில்லை. இது அதே கரடியான்னு அவங்க கேட்டாங்க. அதேதான்னு நான் பொய் சொன்னேன். அதனாலதான் அது செத்துச்சு." நூலகப் பெண் எழுந்து போய்ச் சுவரிலிருந்த குறிப்பைக் கழற்றினாள். மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். மடியிலிருந்து இறக்கிவிட்ட சின்னப் பெண்ணின் கையைப் பிடித்திருந்தார்.

"அப்படின்னா... நான் சின்னப் பையனா இருந்தப்ப எனக்குக் கையாட்டுச்சே, அது எது?"

"எந்த வருஷம் வந்தீங்க?"

அவர் சொன்னார். அக்கா மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். அவளுடைய கை தானாகவே பாதிவரை மேலே போய் நின்றது.

"அது மூணாவது தம்பி" என்றாள். "அது உங்களுக்கு ஆட்டல. உங்களுக்குப் பின்னால நான் நின்னுட்டிருந்தேன். எனக்குத்தான் ஆட்டுச்சு."