மூன்றாவது நினைவூட்டல்

கடித உறையை அத்தை விரலால் கிழிக்க மாட்டாள். ஓரத்தில் கத்தியை நுழைத்து ஒரே இழுப்பு. உள்ளே இருப்பதைப் படிக்கும் முன்பே வலது மூலையில் வரிசை எண்ணும் தேதியும் போட்டு, கோடு போட்ட நோட்டில் பதிந்துவிடுவாள். நகராட்சி அலுவலகத்தில் முப்பத்தோரு வருஷம் தபால் பிரிவில் இருந்தவள். ஓய்வு பெற்றுப் பதினாலு வருஷம் ஆகியும் பல் டாக்டரின் விளம்பரம் வரைக்கும் எண் உண்டு. மூன்று நாளில் பதில் போயாக வேண்டும். ஒருமுறை சோப்புக் கம்பெனிக்கு, ‘தங்கள் சலுகை தற்போது தேவைப்படவில்லை’ என்று எழுதிப் போட்டாள்.

கீழ்வீட்டுத் தையற்காரர் அவளை ‘ஆபீசரம்மா’ என்பார். கிண்டல்தான். அத்தை அதை விருதுபோல வாங்கிக்கொள்வாள்.

போன மாதம் கனத்த உறை ஒன்று வந்தது. மூத்தோர் நலக் காப்பு மன்றமாம். தங்க நிற முத்திரை, அவள் பெயரும் உறுப்பினர் எண்ணும் அச்சடித்த அட்டை. சிவப்பு எழுத்தில் ‘மூன்றாவது நினைவூட்டல்’: உறுப்பினர் உரிமை இம்மாதத்தோடு முடிகிறது, சந்தா அனுப்பிப் புதுப்பித்துக்கொள்ளவும்.

அத்தை லேசில் ஏமாறுகிற ஆள் இல்லை. பரிசு விழுந்திருக்கிறது என்று வந்தால் எண் போட்ட கையோடு குப்பையில் போடுவாள். ஆனால் இதற்கு முன்னால் இரண்டு நினைவூட்டல் வந்திருக்க வேண்டுமே? பழைய நோட்டுகளையெல்லாம் தரையில் பரப்பித் தேடினாள். சேர்ந்த வருஷமும் இல்லை, நினைவூட்டல்களும் இல்லை. தேதியும் எண்ணும் போட்டு வந்த கடிதம் பொய் சொல்லும் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை. தப்பு தன் தலைக்குள்தான் என்று முடிவு கட்டிவிட்டாள்.

விடுமுறைக்கு வந்து இறங்கிய என்னிடம்தான் முதலில் சொன்னாள், அதுவும் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு. “அக்காவுக்கும் இப்படித்தாண்டி ஆரம்பிச்சுது. கடைசில என்னையே யாருன்னு கேட்டா. என் பொண்ணுகிட்ட மூச்சு விட்டுடாத. மறுநாளே வந்து வீட்டப் பூட்டி என்னக் கூட்டிட்டுப் போயிடுவா.” இரண்டு நாளாக மகளின் போனை எடுக்கவில்லையாம்.

நான் இருக்கும் நாட்டிலும் வயசானவர்களுக்கு இப்படிப்பட்ட கடிதங்கள் வருகின்றன, இது ஏமாற்று வேலை என்று எடுத்துச் சொன்னேன். நான் ஆறுதலுக்குச் சொல்வதாக நினைத்து, என் கன்னத்தைத் தட்டிவிட்டுச் சந்தாவை உறையில் போட்டு ஒட்டினாள்.

சாயங்காலம் தையற்காரர் மாடி ஏறி வந்தார். கையில் அதே மாதிரி கனத்த உறை. “ஆபீசரம்மா, எங்க வீட்லயே என்ன யாரும் மெம்பரா வச்சுக்கல. இவங்க எப்பம்மா சேத்துக்கிட்டாங்க?”

அத்தை இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். முத்திரையைப் பார்க்கவில்லை, பெயரைப் பார்க்கவில்லை. நேரே எண்ணுக்குப் போனாள். விரல் வைத்து ஒவ்வொரு இலக்கமாக, மூன்று தரம். கடைசி இலக்கம் வரை ஒரே எண்.

“ரெண்டு பேருக்கு ஒரே நம்பரா?” குரலில் முதலில் வந்தது அருவருப்புதான். “இவனுங்ககிட்ட ரிஜிஸ்டரே இல்லடி.”

அப்படியானால் தான் மெம்பர் இல்லையா என்று தையற்காரர் கேட்டார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

அத்தை தொலைபேசிக்குப் போனாள். பக்கத்திலேயே எண்கள் எழுதிய சின்னப் புத்தகம் கிடந்தது. அதைத் திறக்கவில்லை. மகளின் எண்ணை எங்கள் இருவருக்கும் கேட்கும்படி ஒவ்வொன்றாக உரக்கச் சொல்லிக்கொண்டே அழுத்தினாள்.