முதுகில் ஒரு கை

போன வாரம் ஒரு நாள் காலையில், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகிற ரோட்டில் வன்னியம்பட்டிக்குப் பாதை பிரிகிற விலக்குப் பக்கம் ஒரு டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். பெட்ரோல் தீர்ந்துபோன ஒரு பைக்கை இன்னொரு பைக்குக்காரன் காலால் தள்ளிக்கொண்டு போனான். நீங்களும் பார்த்திருப்பீர்கள். பின்னால் வருகிறவன் ஒரு காலை நீட்டி முன்னால் போகிற வண்டியில் ஊன்றிக்கொண்டு, ஒரே சீராக உந்திக்கொண்டே போவான். இரண்டு பேரும் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. பங்க் வந்ததும் ஒருவன் தலையை ஆட்டுவான், மற்றவன் போய்விடுவான்.

அதைப் பார்த்ததும் என் வலது உள்ளங்கை சூடாகிவிட்டது. அவன் காலால் தள்ளினால் உனக்குக் கை ஏன் சூடாக வேண்டும் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். கொஞ்சம் சுற்றித்தான் வருவேன், நேராகப் போய் எனக்குப் பழக்கமில்லை. எட்டாம் வகுப்பில் பாதியில் எழுந்து வந்தவன். அதற்குப் பிறகு எந்த ஊரிலும் எந்த வேலையிலும் முழுசாக மூன்று வருஷம் நின்றதில்லை. அதிகமாக நின்றது ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில்தான். அதுவும் மூன்று வருஷத்துக்கு இரண்டு மாதம் குறைச்சல்.

அப்போது எங்கள் பக்கத்திலிருந்து மில்லுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் சைக்கிள்தான். டவுன் பஸ் அதன் இஷ்டத்துக்கு வரும், மில் சங்கு அதன் நேரத்துக்கு ஊதும். ஏழரைக்குச் சங்கு. அது ஓய்ந்ததும் கேட்டை மூடிவிடுவார்கள். மாதத்தில் மூன்று தடவை கேட்டுக்கு வெளியே நின்றவனை நாலாவது தடவை வேறு வேலை பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடுவார்கள்.

நான் வில்லிபுத்தூரில் ஆறேகாலுக்குக் கிளம்புவேன். வழியில் ஒருவர் ஒருவராகச் சேருவார்கள். வன்னியம்பட்டி விலக்கில் முத்தையா அண்ணன் மைல் கல்லுக்குப் பக்கத்தில், ஒரு காலைத் தரையில் ஊன்றி, ஒரு காலைப் பெடலில் வைத்து எங்களுக்காக நிற்பார். அவரோடு சேர்ந்து ஏழு பேர். அவருக்கு அப்போது நாற்பது வயதிருக்கும், நல்ல உயரம். மில்லில் புளோரூம் என்று ஒன்று உண்டு, இறுக்கிக் கட்டி வருகிற பஞ்சுப் பேல்களை உடைத்து உதிர்க்கிற இடம். உள்ளே மார்கழிப் பனி மாதிரி தூசு நிற்கும். அவருக்கு வேலை அங்கே. நான் நூல் சுற்றிய கோன்களைப் பெட்டியில் அடுக்குகிறவன். தூசு குறைவு, மரியாதையும் குறைவு.

எங்கள் செட்டில் ஒரு பழக்கம் இருந்தது. காற்றடிக்கிற பம்பு ஒருவரிடம், பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷனும் ரப்பர் துண்டும் ஒருவரிடம், ஸ்பேனர் ஒருவரிடம். யார் ஏற்பாடு என்று தெரியாது, நான் சேரும்போதே அப்படித்தான். ஒருத்தன் டயர் இறங்கினால் அவனோடு மூன்று பேர் நின்றாக வேண்டும். நாலு பேர் நிற்கும்போது மற்ற மூன்று பேர் மட்டும் போவதெப்படி என்று எல்லோருமே நிற்போம். பம்பை என்னிடம் கொடுத்தார்கள். புதுசாக வந்தவனை நம்பிக் கொடுத்தார்கள் என்று ரொம்ப நாள் பெருமையாக இருந்தேன். அதுதான் இருப்பதில் கனமான சாமான் என்று சீனி பிறகு சொன்னார்.

சீனி வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். ரோட்டில் எங்களைவிடக் கொச்சையான தமிழ் பேசுவார். வயது வித்தியாசமில்லாமல் எல்லோரும் அவருக்கு ‘பாவா’தான், அதாவது மச்சான். சாயங்காலம் திரும்பும்போது காற்று எங்களுக்குப் பின்னால் இருக்கும். சீனியும் நானும் பக்கத்துப் பக்கத்தில் ஓட்டிக்கொண்டு, ஒரு லுங்கியின் இரண்டு முனைகளை அவர் பிடிக்க, இரண்டு முனைகளை நான் பிடிக்க, அது பாய் மாதிரி உப்பிக்கொள்ளும். ஹேண்டில் பாரைத் தொடாமல், பெடலை மிதிக்காமல் இரண்டு பர்லாங் போயிருக்கிறோம். மூன்றாவது பர்லாங்கில் நான் கருவேலமுள்ளில் கிடந்தேன். அதற்கும் மற்ற ஆறு பேரும் நின்று, ஒவ்வொரு முள்ளாக எடுத்துவிட்டுத்தான் போனார்கள்.

இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. கேட்டை விட்டு வெளியே வந்ததும் ஒருத்தர் முதுகை ஒருத்தர் துண்டால் தட்டிவிடுவோம். தலையிலும் காதோரத்திலும் ஒட்டிய பஞ்சை எடுத்துவிடுவோம். வீட்டில் பெண்கள் பெருக்கிச் சாகக்கூடாது என்பதற்காக. வெளியே ஒட்டியதைத்தானே எடுக்க முடியும்.

ஆனி பிறந்தால் செங்கோட்டைக் கணவாய்ப் பக்கமிருந்து காற்று கிளம்பிவிடும். காலையில் போகும்போது நெஞ்சுக்கு நேராக அடிக்கும். நின்றுகொண்டு மிதித்தாலும் சைக்கிள் நின்ற இடத்திலேயே நிற்கிற மாதிரி இருக்கும். அப்போது முறை வைத்து முன்னால் போவோம். முன்னால் போகிறவர் காற்றை வாங்கிக்கொள்வார், மற்றவர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு வருவோம். அப்படியும் முடியாதவர் முதுகில் பக்கத்தில் வருகிறவர் கையை வைத்துத் தள்ளுவார். ஒரு கையால் ஹேண்டில் பார், மறு கை அடுத்தவர் தோளுக்குக் கீழே.

இதில் ஒரு நாகரிகம் உண்டு. தள்ளுகிறவர் அதைப்பற்றிப் பேசக்கூடாது. தள்ளப்படுகிறவர் திரும்பிப் பார்க்கக் கூடாது. மில் கண்ணுக்குத் தெரிந்ததும் கையை எடுத்துவிட வேண்டும், கேட்டில் நிற்கிறவர்கள் பார்த்து ஒருத்தரைக் கேலி செய்துவிடக் கூடாது. அவரவர் காலால் மிதித்து உள்ளே போன மாதிரிதான் ஏழு பேரும் போவோம். என் முதல் ஆடியில் என் முதுகில் இருந்தது முத்தையா அண்ணன் கை. தட்டையான, அகலமான கை. முதுகில் ஒரு பலகையைச் சாத்தி வைத்த மாதிரி இருக்கும்.

இரண்டாவது ஆடியில் அது மாறிவிட்டது.

முதலில் திங்கட்கிழமை மட்டும்தான். ஞாயிறு மில் லீவு. ஒரு நாள் ஓய்வெடுத்துவிட்டு வருகிற மனுஷன் தெம்பாக அல்லவா வரவேண்டும்? அண்ணன் நெஞ்சைப் பிடித்தபடி வருவார். வழியில் வருகிற கண்மாய்க்கரை வரைக்கும் மிதிப்பார், பிறகு என் கை தானாகப் போய்விடும். செவ்வாய்க்கிழமை பழைய ஆளாகிவிடுவார். நாங்கள் அதை ஒரு வேடிக்கையாகவே எடுத்துக்கொண்டோம்.

“ஞாயித்துக்கெழம அடிச்ச சேவலு இன்னும் நெஞ்சுக்குள்ள கூவுது பாவா” என்பார் சீனி.

“கெழட்டுச் சேவலுலே அது. எம்புட்டு வேகவச்சாலும் சாகமாட்டேங்கு” என்பார் அண்ணன். சிரிப்பார். சிரிப்பு இருமலில் போய் முடியும்.

தீபாவளி வாக்கில் செவ்வாய்க்கிழமையும் கை தேவைப்பட்டது. அடுத்த சித்திரையில் புதன். அப்போது எதிர்க்காற்றுகூட இல்லை. யாரும் எண்ணவில்லை. நானும்தான். ஆனால் கைக்குத் தெரிந்தது. வாரத்தை ஏதோ ஒன்று ஒவ்வொரு நாளாகத் தின்றுகொண்டு வருகிற மாதிரி இருந்தது. அடுத்த ஆனி பிறந்தபோது சனிக்கிழமை ஒன்றுதான் மிச்சம். சட்டைக்கு மேலே கை வைத்தால் உள்ளே மூச்சு உரசுவது உள்ளங்கையில் படும். பூனையைத் தடவினால் உறுமுமே, அந்த மாதிரி. பூனை சந்தோஷத்தில் உறுமும். இது வேறு.

ஒரு நாள் கண்மாய்க்கரையில், பழக்கத்தை மீறி அவரே பேசினார். திரும்பிப் பார்க்காமல்தான்.

“ஏலே, வீட்டுல கேட்டா தள்ளுத கதையச் சொல்லிராத.”

“ஏன்ணே?”

“தீபாவளி கழிச்சு கேட்டு வேலைக்கு மாத்திவிடுதேன்னு மேஸ்திரி சொல்லிருக்காரு. வெளிய உக்காந்து கேட்டத் தொறந்து மூடுத வேல. தூசு கெடையாது. அதுவரைக்கும் ஒரு நா பிந்தக் கூடாது, ஒரு நா லீவு போடக் கூடாது. சீக்குன்னு தெரிஞ்சா கேட்டுக்கு மாத்தமாட்டாக, கேட்டுக்கு வெளியதான் மாத்துவாக.”

தூசை விட்டு வெளியே வருவதற்கு அவர் தினமும் நேரம் தவறாமல் தூசுக்குள் போய்க்கொண்டிருந்தார். தீபாவளிக்கு நாலு மாதம் இருந்தது. நாலு மாதம்தானே, தள்ளிவிடலாம் என்று நினைத்தேன்.

பத்து நாள் கழித்து, ஒரு சாயங்காலம் அவருடைய வீட்டுக்காரம்மா விலக்கில் பஸ்ஸுக்கு நின்றிருந்தார்கள். எனக்கு அவர்களை மதினி என்று முறை வைத்துக் கூப்பிட்டுப் பழக்கம். அண்ணன் அன்றைக்கு ஓவர்டைம். மதினி கையைக் காட்டி என்னை நிறுத்தினார்கள்.

“தம்பி, ஒண்ணு கேட்டா மறைக்காம சொல்லணும். அவிய சைக்கிள நல்லா மிதிக்காகளா?”

“ஏன் மதினி?”

“ராத்திரி படுக்கவே மாட்டேங்காக. செவுத்துல சாஞ்சு உக்காந்துக்கிட்டே தூங்குதாக. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். வேலைக்கு எதுல போறீகன்னு கேட்டாரு. சைக்கிள்லன்னாக. அம்புட்டு தூரம் தெனமும் மிதிக்கிற நெஞ்சுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு டானிக்கு எழுதிக் குடுத்துட்டாரு. எனக்கென்னமோ நம்பிக்கையில்ல. நெசமாவே மிதிக்காகளா?”

நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்களோ தெரியாது. எனக்கு அண்ணனுக்குக் கொடுத்த வாக்கு பெரிசாக இருந்தது. எங்கள் செட்டின் நாகரிகம் அதைவிடப் பெரிசாக இருந்தது.

“எங்க எல்லாரையும் விட வேகம் மதினி. அண்ணன் பின்னால நாங்க ஓட முடியல” என்றேன்.

அவர்கள் முகம் தெளிந்துவிட்டது. அதை நான் கண்ணால் பார்த்தேன். கூடையிலிருந்து இரண்டு மாம்பழம் எடுத்துக் கொடுத்தார்கள். வீட்டுக்குப் போகிறவரை பொறுக்க முடியாமல் வழியிலேயே தின்றேன். இனிப்பாகத்தான் இருந்தது.

ஆவணியில் நான் மில்லை விட்டேன். நாக்பூர் போகிற லாரியில் கிளீனர் வேலை கிடைத்தது. நாக்பூர் எப்படித்தான் இருக்கும் பார்த்துவிடுவோம் என்று சொல்லிக்கொண்டு கிளம்பினேன். தினமும் காலையில் என் கையில் வந்து படுகிற அந்த மூச்சிலிருந்துதான் ஓடினேனோ என்று இப்போது தோன்றுகிறது. யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. பையைக் கட்டும்போது பம்பும் என்னோடு வந்துவிட்டது. அது என்னுடையதில்லை என்று மதுரை தாண்டித்தான் உறைத்தது.

திரும்பி வந்தது பொங்கலுக்கு. சீனிதான் சொன்னார், சிரிக்காமல், பாவா போடாமல்.

நான் போன பிறகு சீனி தள்ளியிருக்கிறார். ஆனால் அவருக்கு முழங்காலில் வலி. அது அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது. யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது என்று, எங்கள் ஆட்களுக்கு அரைமணி நேரம் முன்னாலேயே தனியாகக் கிளம்ப ஆரம்பித்திருக்கிறார். இறங்கி நடந்து, ஏறி மிதித்து, இறங்கி நடந்து. புரட்டாசிக் கடைசி. ஓய வேண்டிய காற்று ஓயாமல் அடித்த ஒரு நாள். கண்மாய்க்கரை தாண்டி ஒரு புளியமரத்தடியில் சைக்கிளை ஒழுங்காக ஸ்டாண்டு போட்டு, பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மரத்தில் சாய்ந்து ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தாராம்.

“வேற செட்டு ஆளுக ரெண்டு மூணு பேரு பாத்திருக்காக. நமக்காகக் காத்திருக்காருன்னு நெனச்சு, மணியடிச்சுட்டுப் போயிட்டாக. எப்பவும் காத்திருக்கிற ஆளுதான?” என்றார் சீனி. “நாங்க போய்ச் சேரும்போது கை சில்லுன்னு இருந்துச்சு.”

தீபாவளி கழிந்து கேட்டு வேலைக்கு வேறொருவர் வந்துவிட்டார்.

வன்னியம்பட்டிக்குப் போனேன். போகாமல் இருக்கத்தான் பார்த்தேன். மதினி தண்ணீர் கொடுத்தார்கள். நான் குடித்து முடித்ததும் நேராகக் கேட்டார்கள். சீனி எல்லாவற்றையும் சொல்லியிருந்தார் போல.

“எங்க இருந்து எங்க வரைக்கும் தள்ளுவீக?”

“கண்மாய்க்கரையில இருந்து மில்லு தெரியுற வரைக்கும் மதினி.”

“எம்புட்டு நாளா?”

“ரெண்டு ஆடி.”

விரலை மடக்கி ஏதோ கணக்குப் பார்த்தார்கள்.

“தள்ளாம இருந்திருந்தா முந்தின வருசமே நின்னிருப்பாக. நின்னிருந்தா நான் பாத்திருப்பேன்” என்றார்கள். கோபமாகச் சொல்லவில்லை. விலாசம் சொல்கிற மாதிரி சொன்னார்கள். என் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்கள். செத்த நேரம் நின்றேன். வரவில்லை. வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ ஊர், எத்தனையோ வேலை. பம்பு நாக்பூரிலேயே எங்கோ தொலைந்துபோனது. சீனி மகனோடு திருப்பூர் போய்விட்டதாகக் கேள்வி. அந்தப் புளியமரம் ரோட்டை அகலப்படுத்தியபோது போய்விட்டது. மைல் கல் இருந்த இடத்தில் மொபைல் ரீசார்ஜ் கடை. காலையில் சைக்கிள் மணி ஒன்றுகூடக் கேட்கவில்லை. மில் ஆட்களை இப்போது வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகிறது. யாரும் மிதிக்க வேண்டாம், யாரும் யாரையும் தள்ளவும் வேண்டாம். காற்று மட்டும் அதே திசையிலிருந்து வருகிறது. ஆனி பிறந்திருக்கிறது.

டீ ஆறிவிட்டது. அந்தப் பைக்குகள் கண்ணுக்கு மறைந்த நேரத்தில் ஒரு மில் வேன் விலக்கில் வந்து நின்றது. கண்ணாடிகளையெல்லாம் ஏற்றிவிட்டிருந்தார்கள். உள்ளே எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னலோரம் முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் மட்டும் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தோள் இரண்டும் காதுவரை ஏற, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவருக்கும் அவருக்கும் நடுவில் ஒரு சாப்பாட்டுப் பை இருந்தது. வேன் கிளம்பிவிட்டது.

“இன்னைக்கு என்ன கிழமை?” என்று டீக்கடைக்காரரிடம் கேட்டேன்.

“திங்க” என்றார்.