குதிரையின் தோளில் திருநீறு

என்னுடைய பக்தியால் இதுவரை நேரடியாகப் பாதிக்கப்பட்டவை இரண்டு சீவன்கள். ஒன்று எங்கள் வீட்டுக் குதிரை. மற்றது அதை ஓட்டிய சந்தியாண்ணை. அதன்பிறகு நான் பக்தியை ஓர் அளவோடுதான் வைத்திருக்கிறேன். சுவாமி இதுவரை குறைப்பட்டதாகத் தெரியவில்லை.

அப்பா அப்போதிக்கரி, இங்கிலீசு வைத்தியர். உடுப்பிட்டியைச் சுற்றியிருந்த ஊர்களில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் அவருடைய ஒற்றைக் குதிரை வண்டில்தான் வாசல் படலையில் வந்து நிற்கும். வடமராட்சித் தெருவில் ஒரு மோட்டார்க் கார் போனால் நாய்கள்கூட எழுந்து நின்று பார்த்த காலம் அது. அப்பாவின் மருந்தில் பாதி அந்தக் குதிரையின் நடையில்தான் இருந்தது என்று அம்மா சொல்வார்.

சந்தியாண்ணை குருநகர்க்காரர். வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். கடற்றொழில் செய்யும் குடும்பத்தில் பிறந்தவருக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. வள்ளத்தில் ஏறினால் வாந்தி. 'நீ மீனுக்குச் சாப்பாடு போடத்தான் வாறாய்' என்று தமையன்மார் அவரைக் கரையிலேயே விட்டுவிட்டார்கள். வண்டில் எவ்வளவு ஆடினாலும் அவரை ஒன்றும் செய்யாது. இந்த நியாயம் கடலுக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை. குதிரைக் கொட்டிலுக்குப் பக்கத்து அறைதான் அவருடைய வீடு.

ஒரு வைகாசியில் குதிரையின் தோளில், நெஞ்சுப்பட்டை உரசும் இடத்தில், உரோமம் தேய்ந்து ஒரு சதக்காசளவு வழுக்கை விழுந்தது. (இன்று கண்ணாடி முன் நின்று என் உச்சந்தலையைத் தடவும்போதெல்லாம் அந்தக் குதிரையை நினைத்துக்கொள்கிறேன்.) சந்தியாண்ணை பதறவில்லை.

"வேர்வை காயமுதல் கழுவிப்போட வேணும் ஐயா. பட்டையிலை ஒரு பொட்டு மண் இருக்கப்படாது. கொஞ்ச நாளிலை மாறியிடும்" என்றார்.

சொன்னபடியே செய்தார். மாலையில் வண்டில் வந்ததும் கிணற்று நீரால் தோளைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, தோற்பட்டைக்கு எண்ணெய் பூசி, அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து அதில் மெத்தென்று சுற்றினார். அப்பா தன் பங்குக்கு ஒரு களிம்பு கொடுத்தார். இத்தனை பேர் பாடுபடும்போது நான் சும்மா இருப்பது சரியில்லை என்று எனக்குப் பட்டது.

அதற்கு முந்திய மாதம்தான் எனக்குக் காய்ச்சல் வந்து, அம்மா நல்லூர்த் திருநீற்றைப் பூசி, அது மாறியிருந்தது. அப்பாவின் கொயினா மருந்தும் என் வயிற்றுக்குள் இருந்தது உண்மைதான். ஆனால் அது கசந்தது. கசந்ததற்கு யார் நன்றி சொல்வார்கள்?

காலையில் பட்டையைப் பூட்டிவிட்டுச் சந்தியாண்ணை தேத்தண்ணி குடிக்கக் குசினிப் பக்கம் போவார். நான் கவிழ்த்த உரலில் ஏறி, பட்டையைக் கொஞ்சம் தூக்கி, வழுக்கையின் மேல் திருநீற்றால் மூன்று குறி இழுத்துவிட்டு, பட்டையை மறுபடி இறக்கிவிடுவேன். நேர்த்திக்கடனை வெளியே சொன்னால் பலிக்காது என்று நம்பியதால் யாருக்கும் சொல்லவில்லை.

வழுக்கை ஒரு வாரத்தில் உள்ளங்கையளவாயிற்று. பிறகு தோல் சிவந்தது. மருந்து கேட்காவிட்டால் அளவைக் கூட்டுவது அப்பாவின் முறை. நானும் கூட்டினேன். மூன்று விரலால் இழுத்தது போய், கைநிறைய அப்பினேன். மாலைகளில் சந்தியாண்ணை வேட்டிச் சுற்றைப் பிரித்து, வேர்வையில் ஊறிக் காய்ந்து சுண்ணாம்பாய் இறுகியிருந்த சாம்பலை நகத்தால் சுரண்டுவார். விரலில் வைத்து உரசிப் பார்ப்பார். எங்கள் சாமியறைப் பக்கம் ஒருதரம் பார்ப்பார். பிறகு கழுவத் தொடங்குவார். என் மருந்தைச் சுரண்டி எறிகிறாரே என்று எனக்கு அவர்மேல் கோபம்.

புகையிலைத் தோட்டக்காரர் ஒருவர் தன் வீட்டுப் படலையடியில் வைத்து அப்பா காதுபடவே சொல்லிவிட்டார்:

"குதிரையின்ரை புண்ணை மாத்தேலாதவர் என்ரை கால்ப் புண்ணை மாத்தப்போறாரோ?"

அன்று வண்டில் வீட்டுக்கு வந்த வேகத்திலேயே விஷயம் விளங்கிற்று. அப்பா இறங்காமலே கத்தினார்.

"சந்தியா, நீ பட்டையைக் கழுவிறேல்லை. ஆடி அமாவாசைக்குள்ளை இது மாறவேணும். இல்லாட்டி நீ குருநகருக்குப் போய் வலையை இழு!"

"கழுவிறனான் ஐயா."

"கழுவினால் ஏன் மாறேல்லை?"

சந்தியாண்ணை வாயைத் திறந்தார். வாசலில் திருநீற்றுக் குறியோடு நின்ற அம்மாவைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

அடுத்த நாள் காலை அவர் தேத்தண்ணி குடிக்கப் போகவில்லை. நான் உரலில் ஏறிக் கையை நீட்டியபோது பின்னால் நின்றார்.

"அட, தம்பியே! நான் அம்மாவெண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருந்தன்."

நான் அழுவதற்கு ஆயத்தமானேன். அவர் என்னைத் தூக்கி இறக்கவில்லை. உரலைத்தான் நான் நின்றபடியே குதிரையின் முகத்துப் பக்கம் மெல்ல நகர்த்தினார்.

"சாமியைப் பட்டைக்குக் கீழை நெரிபட விடலாமே? நெத்தியிலை பூசும் தம்பி. நாலு பேர் கும்பிடுவினம்."

"அப்பா தோளிலையும்தானே பூசுறவர்?"

"ஓம். ஆனால் அவர் வண்டில் இழுக்கிறேல்லையே."

இந்த வாதத்துக்கு எந்தச் சாத்திரத்திலும் மறுப்பு இல்லை. அன்றிலிருந்து எங்கள் குதிரை நெற்றி நிறைய மூன்று குறியோடு ஊர் சுற்றிற்று. வண்டிலில் இருந்தவரும் சைவம், இழுத்ததும் சைவம், நடுவில் கழுத்தில் சிலுவையோடு சந்தியாண்ணை. தெருவில் பெடியன்கள் "சைவக் குதிரை, சைவக் குதிரை" என்று பின்னால் ஓடினார்கள். அப்பா முதலில் முகம் சுளித்தார். தோட்டக்காரர்கள் வண்டிலைக் கண்டதும் சால்வையை இடுப்புக்கு இறக்குவதைப் பார்த்த பிறகு சுளிப்பதை விட்டுவிட்டார். மரியாதை தனக்கென்றே அவர் எடுத்துக்கொண்டார்.

புண் காய்ந்தது. ஆடி அமாவாசைக்கு முன்பே உரோமம் எட்டிப் பார்த்தது. களிம்பு கேட்டுவிட்டது என்றார் அப்பா. நல்லூரான் கேட்டுவிட்டான் என்றார் அம்மா. இருவரும் சந்தியாண்ணையைச் சாட்சிக்கு அழைத்தார்கள்.

"தம்பி நெத்தியிலை பூசத் தொடங்கினாப் பிறகுதான் ஐயா மாறினது" என்றார் அவர்.

அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அந்த வீட்டில் தன் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள அவருக்கு ஒரேயொரு வாக்கியம் போதுமாயிருந்தது: தம்பிதான் பட்டைக்குக் கீழே சாம்பல் பூசினது. அதைச் சொன்னால் எனக்குப் பூவரசங் கம்பால் அடி விழுந்திருக்கும். அதற்கு முன்பு, சாம்பல் பூசுவது அம்மா என்று அவர் நினைத்திருந்த நாட்களிலோ, அவர் சொல்லவேண்டியிருந்த வாக்கியம் இன்னும் பாரமானது: உங்கள் திருநீறுதான் புண்ணாக்குகிறது. சைவ வீட்டில் சம்பளம் வாங்கும் ஒரு வேதக்காரர் அதை எந்த வாயால் சொல்வது? இதெல்லாம் எனக்குத் தெரிய என் தலையும் நரைக்க வேண்டியிருந்தது.

அன்று எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். புண் இருந்த இடத்தில் உரோமம் பழைய நிறத்தில் வரவில்லை. செம்பழுப்புத் தோளில் ஓர் உள்ளங்கையளவுக்குத் தூய வெள்ளையாய் முளைத்தது. தோல் ஆழமாய்த் தேய்ந்தால் உரோமம் அப்படித்தான் வருமென்று பிற்காலத்தில் ஒரு மாட்டு வைத்தியர் சொன்னார். நான் அப்பிய திருநீறு தோலுக்குள் இறங்கி நிலைத்துவிட்டதென்று பள்ளிக்கூடத்துப் பெடியன்களைக் கூட்டிவந்து நான் காட்டினேன். அவர்கள் வரிசையில் நின்று அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

"உண்மைதானே சந்தியாண்ணை, இது நான் பூசினதுதானே?"

"ஓம் தம்பி, நீர் பூசினதுதான்" என்றார், பட்டையைத் துடைத்தபடி.